நாற்பது லிட்டர் டீசல்

முப்பது வருடங்களாக நாட்குறிப்பு எழுதி வருகிறேன். ஸ்கூட்டருக்கு பெட்ரோல் போட்ட நாள், மீட்டர் காட்டிய கிலோமீட்டர், லிட்டர், கொடுத்த தொகை எல்லாம் அதில் இருக்கும். எந்த வருடத்தைக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். ஒரு புதன்கிழமைப் பக்கத்தில் மட்டும் 'பங்க்' என்ற ஒரு சொல்லை எழுதிவிட்டுப் பேனாவை மூடி வைத்திருக்கிறேன். அன்று நான் பெட்ரோல் போடவில்லை. ஆனால் பங்க்கில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றேன்.

பழவேற்காட்டில் நான் ஓர் அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறேன். ஆங்கிலம் தடங்கல் இல்லாமல் பேசுவேன் என்பதால், டச்சுக் கல்லறையைப் பார்க்க வெளிநாட்டார் வந்தால் யாராவது எனக்குப் போன் செய்வார்கள். அலுவலகத்தில் அனுமதி கேட்டுக்கொண்டு போய் வருவேன். இதற்காக யாரிடமும் பணம் வாங்கியதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அந்தப் புதன்கிழமை வந்தவர்கள் ஒரு கணவனும் மனைவியும். இரண்டு பேருக்கும் அறுபது வயதுக்கு மேல் இருக்கும். ஒல்லாந்திலிருந்து தங்கள் சொந்த வேனிலேயே, தரைவழியாக, பல நாடுகளைக் கடந்து வந்திருந்தார்கள். வேனுக்குள் கட்டிலும் அடுப்பும் இருந்தன. அந்த வேனை அன்று மாலை நான்கு மணிக்குள் சென்னைத் துறைமுகத்தில் ஒப்படைக்க வேண்டும். கப்பலில் ஏற்றி ஊருக்கு அனுப்புகிறார்கள். நம் நாட்டில் வண்டியை வைத்திருக்கக் கொடுத்த அனுமதி அந்த வாரத்தோடு முடிகிறது என்றும், இந்தக் கப்பலை விட்டால் அபராதமும் அலைச்சலும் எங்கே போய் முடியுமோ தெரியாது என்றும் அந்தம்மாள் சொன்னார். இவ்வளவு நெருக்கடியில் கல்லறையைப் பார்க்க வந்ததற்குக் காரணம், அங்கே ஒரு கல்லில் கணவருடைய குடும்பப் பெயர் இருப்பதாக அவர்கள் எதிலோ படித்திருந்ததுதான். தேடினோம். கிடைத்த கல்லில் இரண்டு எழுத்து வேறாக இருந்தது. கணவர் சிரித்துக்கொண்டே அதையும் படம் எடுத்துக்கொண்டார்.

அந்தம்மாளிடம் ஒரு நோட்டு இருந்தது. வழியில் எரிபொருள் போட்ட ஒவ்வோர் இடத்தையும் அதில் எழுதியிருந்தார். நாடு, ஊர், லிட்டர், என்ன நாணயம், எப்படிக் கொடுத்தது. ஒரு நாட்டில் கார்டைச் செருகிய பிறகுதான் குழாய் கையில் வருமாம். இன்னொரு நாட்டில் முதலில் உள்ளே போய், இந்தக் குழாயில் இவ்வளவு என்று சொல்லிக் கட்டிவிட்டு வரவேண்டுமாம். ஒரு நாட்டில் வெளிநாட்டுக் கார்டு எதையும் தொட மாட்டார்களாம். பக்கத்தில் நின்ற லாரி டிரைவர் தன் கார்டைத் தேய்த்துவிட்டு இவர்களிடம் ரொக்கம் வாங்கிக்கொண்டாராம். ஓர் ஊரில் விருந்தாளிகள் என்று சொல்லி காசே வாங்காமல் ஒரு முலாம்பழத்தையும் கொடுத்து அனுப்பினார்களாம். ஒவ்வொரு வரியும் கோடு போட்டாற்போல் நேராக இருந்தது. என் ஜாதி ஆளை உலகத்தின் மறுபக்கத்திலிருந்து கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

டீசல் முள் சிவப்பில் இருந்தது. பழவேற்காட்டில் இருந்த ஏடிஎம்மில் பணம் இல்லை. கையில் இருந்த ரூபாயை அவர்கள் காலையில் படகுக்கும் நண்டுச் சாப்பாட்டுக்கும் கொடுத்து முடித்திருந்தார்கள். பொன்னேரிச் சாலையில் கார்டு வாங்குகிற பங்க் ஒன்று இருக்கிறது என்று சொல்லி, நானும் வேனில் ஏறிக்கொண்டேன். வாராவாரம் நான் பெட்ரோல் போடும் பங்க் அது.

பன்னிரண்டு இருபதுக்குப் போய்ச் சேர்ந்தோம். டீசல் போட வந்தவனிடம் முதலிலேயே கேட்டேன்.

"கார்டு எடுப்பீங்களா?"

"எல்லாம் எடுப்போம் சார். எவ்ளோ?"

"நாற்பது லிட்டர்."

"ஜீரோ பாத்துக்கோங்க."

பார்த்தேன். நாற்பது லிட்டர் ஏறியது. மூவாயிரத்து எழுநூற்று முப்பத்தாறு ரூபாய். கணவர் கார்டை நீட்டினார். மெஷின் யோசித்துவிட்டு, முடியாது என்று ஒரு சீட்டைத் துப்பியது. இரண்டாவது கார்டு. மூன்றாவது கார்டு. மூன்று சீட்டுகள்.

உள்ளே இருந்து மேனேஜர் வந்தார். கையில் மிளகாய் பஜ்ஜி. விரல்களில் எண்ணெய் வழிந்தது. அதே விரல்களால் கார்டுகளை வாங்கி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார்.

"ஃபாரின் கார்டுலாம் இதுல போவாது சார்."

"எல்லாம் எடுப்போம்னு உங்க ஆள் சொன்னாரே?"

"அவன் நம்மூரு கார்டைச் சொன்னான். அவனுக்கு இன்னா தெரியும்?"

கணவர் பர்ஸிலிருந்து ஓர் ஐம்பது யூரோ நோட்டை எடுத்தார். டீசல் விலைக்கு மேலேயே வரும், மீதி வேண்டாம் என்றார். மேனேஜர் அதை வெயிலில் தூக்கிப் பிடித்தார்.

"இன்னா சார் இது, கல்யாணப் பத்திரிகை கணக்கா கலரா கீது? இத்த வெச்சிகினு நான் எங்க போவ? மொதலாளி என் சம்பளத்துல புடிப்பாரு. துட்டு குடுக்கச் சொல்லுங்க. இல்ல, பாஸ்போட்ட வெச்சிட்டுப் போவச் சொல்லுங்க."

நான் மொழிபெயர்த்தேன். பாஸ்போர்ட் இல்லாமல் துறைமுகத்துக்குள் நுழையவே முடியாது என்றார்கள். அதையும் மொழிபெயர்த்தேன். பேசிக்கொண்டிருக்கும்போதே சும்மா பார்க்கிறேன் என்று கணவருடைய பாஸ்போர்ட்டை வாங்கியவர் திருப்பித் தரவில்லை. மேசைமேல் போட்டு, அதன்மேல் டீ கிளாஸை வைத்தார். கிளாஸை எடுத்தபோது அட்டையில் ஈர வட்டம் ஒன்று இருந்தது. வேன் சாவியையும் எடுத்துக்கொண்டார். அதன் நுனியைக் காதுக்குள் விட்டுச் சுழற்றி, வெளியே எடுத்துப் பார்த்து, கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

அந்தம்மாள் கழிப்பறை எங்கே என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். அதன் சாவியை வாங்கிக் கொடுத்தேன். போன வேகத்தில் திரும்பி வந்தார். நான் போய் எட்டிப் பார்த்தேன். ஆயில் டப்பாப் பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருந்தன. நடுவில் இருந்த இடத்தில் யாரோ என்றோ போனது அப்படியே கிடந்தது. குழாயில் காற்றுதான் வந்தது. அந்தம்மாள் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு வேன் படியில் உட்கார்ந்துவிட்டார்.

பொன்னேரிக்குப் போய் ஏடிஎம்மில் எடுத்து வரலாம் என்று கணவர் சொன்னார். என் ஸ்கூட்டர் வீட்டில் இருந்தது. ஷேர் ஆட்டோ பிடித்துப் போய்த் திரும்ப ஒன்றரை மணி நேரம் ஆகும். அங்கேயும் இந்தக் கார்டு வேலை செய்யும் என்று நிச்சயம் இல்லை. துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்துபோக இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டும். மணி பன்னிரண்டு ஐம்பது. கணக்குப் போட்டுப் பார்த்தால் நான்கு மணி கைவிட்டுப் போய்விடும். அந்தக் கணக்கை நானே அவர்களுக்கு நிமிடம் நிமிடமாகப் போட்டுக் காட்டினேன்.

அதற்குள் பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். இரண்டு பைக்கில் வந்த இளைஞர்கள் போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள்.

"டேய், வெள்ளக்காரன் டீசல் போட்டுட்டு துட்டு இல்லன்றான்டா!"

"இவங்க தாத்தனுங்க இங்கருந்து கப்பல் கப்பலா துணி வாங்கிப் போனானுங்களே, அதுக்கு மட்டும் துட்டு குடுத்தானுங்களா? வசூல் பண்ணுங்கண்ணே!"

எல்லாரும் சிரித்தார்கள். கணவர் அவர்களைப் பார்த்துக் கையாட்டினார். என்ன சொல்கிறார்கள் என்று என்னைக் கேட்டார். உங்கள் வண்டி நன்றாக இருக்கிறது என்கிறார்கள் என்று சொன்னேன்.

பிறகுதான் அந்தம்மாள் எழுந்து வந்தார். ஐம்பது யூரோ நோட்டை என்னிடம் நீட்டினார். இந்த ஊரில் டீக்கடையில்கூட எல்லாரும் போனில்தான் பணம் கொடுப்பதைப் பார்த்தேன், இதை நீங்கள் வைத்துக்கொண்டு உங்கள் போனில் கட்ட முடியுமா என்று கேட்டார். அவ்வளவு எளிது. போன் என் சட்டைப் பையில் இருந்தது. கணக்கில் அதைப்போல் ஒன்பது மடங்கு பணம் இருந்தது. முந்தைய நாள்தான் இருப்பைப் பார்த்து எழுதி வைத்திருந்தேன்.

போன மழைக்காலத்தில் வந்த ஒரு வெளிநாட்டுக்காரனுக்குப் படகு வாடகை நான் கட்டினேன். ஊருக்குப் போய் அனுப்புகிறேன் என்றவன் அனுப்பவில்லை. நாட்குறிப்பில் சிவப்பு மையில் இருக்கிறது. அது நினைவுக்கு வந்தது. இந்த நோட்டு கள்ள நோட்டாக இருந்தால்? நல்ல நோட்டாகவே இருந்தாலும் மாற்றுவதற்குச் சென்னைக்குப் போகவேண்டும், அதற்கு ஒரு நாள் விடுப்பு, பேருந்துச் செலவு. இவ்வளவையும் ஒரு மூச்சில் கூட்டிக் கழித்துவிட்டேன்.

"என் போனில் அந்த வசதி இல்லை" என்றேன்.

அந்தம்மாள் மன்னிப்புக் கேட்டார். சங்கடப்படுத்திவிட்டேன் என்று சொல்லி நோட்டை மடித்துக்கொண்டார். அங்கிருந்தவர்களுக்கும் கேட்கட்டும் என்று என் பதிலையே தமிழிலும் ஒருமுறை சத்தமாகச் சொன்னேன். மேனேஜர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் சட்டைப் பையைப் பார்த்தார். மறுபடியும் காதுக்குள் விட்டிருந்த சாவியை எடுத்துவிட்டு, கறைபடிந்த பற்கள் தெரியச் சிரித்தார். அந்தச் சிரிப்பின் காரணம் அப்போது எனக்குப் புரியவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் புரிந்தது.

ஒன்றே கால் மணிக்கு ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. ஏரிக்கு நடுவே இருக்கும் பசியாவரத்துப் பெண் ஒருத்தி இறங்கினாள். முப்பத்தைந்து வயது இருக்கும். இறால் பிடிக்க நாள் முழுக்க ஏரிச் சேற்றில் துழாவும் கை, நகமெல்லாம் கறுத்திருந்தது. இரண்டு இருபது லிட்டர் கேன்களைக் கொண்டுவந்து சரியாக என் காலடியில் வைத்தாள். மீன் தண்ணீரும் பழைய டீசலும் கலந்த நாற்றம் முகத்தில் அறைந்தது. கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றேன். அவள் என்னைப் பார்த்துவிட்டு, கேன்களைக் காலால் கொஞ்சம் நகர்த்திக்கொண்டாள்.

"நைனா, ரெண்டும் ரொப்பு" என்று டீசல் போடுபவனிடம் சொன்னாள். ஜாக்கெட்டுக்குள்ளிருந்து பிளாஸ்டிக் கவரில் சுற்றிய பணத்தை எடுத்தாள். பிறகுதான் கூட்டத்தைப் பார்த்தாள். "இன்னா இங்க, கூத்தா?"

பைக்கில் வந்த இளைஞன் ஒருவன் சொன்னான். "வெள்ளக்காரன் எண்ணெ போட்டுட்டான்க்கா. துட்டு இல்ல. மேனேஜரு சாவியப் புடுங்கி வெச்சிகிறாரு."

"எவ்ளோ போட்டான்?"

"நாப்பது."

அவள் வேன் படியில் உட்கார்ந்திருந்த அந்தம்மாளைப் பார்த்தாள். "எங்க போவணும் இவங்க?" என்று என்னைக் கேட்டாள். துறைமுகம், கப்பல், நான்கு மணி என்று சொன்னேன். அவள் பணத்தை மேனேஜரின் மேசைமேல் வைத்தாள்.

"யோவ், என் ரெண்டு கேனையும் அந்த வண்டில ஊத்தினதா வெச்சிக்கோ. சாவியக் குடு."

மேனேஜருக்கே ஒன்றும் ஓடவில்லை. "ஐய, நாளைக்கு உங்க பாடு ஆச்சேம்மா? எண்ணெக்கு இன்னா பண்ணுவ?"

"அது என் தலவலி. நின்ன வண்டி நிக்குது பாரு. குடுய்யா சாவிய."

பாடு என்றால் முறை. ஏரியில் வலை கட்டும் இடங்களை ஊருக்குள் முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். ஒரு வீட்டின் பாடு தவறினால் அடுத்தது வரப் பல நாள் ஆகும். இன்னொரு வழக்கமும் ஏரிக்காரர்களுக்கு உண்டு. எண்ணெய் தீர்ந்து நிற்கும் படகு ஒரு கழியை நட்டு அதில் சட்டையைக் கட்டும். அதைப் பார்க்கிற படகு, எந்த ஊர்ப் படகானாலும், சண்டைக்காரப் படகானாலும், தன் எண்ணெயை ஊற்றிவிட்டுத்தான் போகவேண்டும். விலை பேசக்கூடாது. இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். வருகிற வெளிநாட்டாருக்கெல்லாம் ஆங்கிலத்தில் சுவையாகச் சொல்வேன். பங்க்கில் நிற்கும் வேனும் ஏரியில் நிற்கும் படகும் ஒன்று என்று ஒருத்தி நினைப்பாள் என்று எனக்குத் தோன்றியதில்லை.

மேனேஜர் சாவியையும் பாஸ்போர்ட்டையும் திருப்பிக் கொடுத்தார். கணவர் யூரோ நோட்டை அவளிடம் நீட்டினார். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "வேணாம்னு சொல்லு சார். சட்டுனு கெளம்பச் சொல்லு, லாரி மாட்டிக்கும்." அந்தம்மாள் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்த நாற்றம் அவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. பிறகு என்னிடம் மின்னஞ்சல் முகவரியும் வங்கிக் கணக்கு எண்ணும் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டார். ஒன்று இருபத்தெட்டுக்கு வேன் கிளம்பியது. காலி கேன்களோடு அவள் வந்த முதல் ஆட்டோவில் திரும்பிப் போனாள். நான் அடுத்த ஆட்டோவுக்காகக் காத்திருந்தேன். அவளோடு ஒரே ஆட்டோவில் போக எனக்குத் தைரியம் வரவில்லை.

ஒன்பதாம் நாள் மின்னஞ்சல் வந்தது. மூன்று ஐம்பதுக்குத் துறைமுக வாசலை எட்டிவிட்டார்களாம். அந்தப் பெண்ணுக்குச் சேர வேண்டிய தொகையை என் கணக்குக்கு அனுப்பியிருக்கிறார்களாம். கடைசி வரி இது: உங்களிடம் அந்த வசதி இல்லாதபோதும் வெயிலில் எங்களோடு நின்றீர்களே, அதை மறக்க மாட்டோம். அதைப் படித்துவிட்டு வாசல் குழாயில் போய் வாயைக் கொப்பளித்தேன்.

பணத்தை ரொக்கமாக எடுத்துக்கொண்டு சனிக்கிழமை காலை படகுத்துறைக்குப் போனேன். அவள் கூடையிலிருந்து நண்டுகளை எடுத்துக் கால் கட்டிக்கொண்டிருந்தாள். கவரை நீட்டினேன்.

"இன்னா சார் இது?"

"வெள்ளைக்காரங்க அனுப்பினாங்க. உன் டீசல் பணம்."

"துட்டா? நான் இன்னா எண்ணெ வித்தனா? ஊத்தினதுக்குத் துட்டு வாங்கினா ஊர்ல சிரிப்பாங்க. எண்ணெயா ஊத்தச் சொல்லு."

"அவங்க எங்கேயோ இருக்காங்களே."

"அப்ப நீ ஊத்து. அவங்க துட்டு உன்கிட்ட தான கீது?"

இந்த வழக்கமும் எனக்குத் தெரிந்ததுதான். அளந்த எண்ணெய் அளந்தபடியே, அதே கேனில் திரும்ப வேண்டும். அவளே அந்த இரண்டு கேன்களையும் எடுத்துக்கொண்டு வந்தாள். ஆட்டோவில் கேன்கள் எங்களுக்கு நடுவில் இருந்தன. அன்று கைக்குட்டையை எடுக்கவில்லை. வழியில் கேட்டேன்.

"அடுத்த நாள் பாடு என்னாச்சு?"

"இன்னா ஆவும்? எண்ணெ இல்ல. கழி போட்டுகினே போனாரு எங்க வீட்டுக்காரு. போய்ச் சேர்றதுக்குள்ள நல்ல வெயில் ஏறிடுச்சி. அரக் கூடகூட தேறல." அவள் குரலில் குறை சொல்வது இல்லை. மழை பெய்தது என்று சொல்வதுபோல் சொன்னாள்.

பங்க்கில் அதே மேனேஜர் இருந்தார். பல்லைக் குத்திக்கொண்டே வந்து கும்பிட்டார். டீசல் போடுபவன் ஜீரோ காட்டினான். இரண்டு கேனும் நிரம்பின. நான் கவரிலிருந்து ரொக்கத்தை எடுத்து எண்ணிக் கொடுத்தேன். மேனேஜர் வாங்காமல் பணத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னா சார் அதிசயமா ரொக்கம்? எப்பவும் போன்லதான தட்டுவீங்க? திங்கக்கெழமகூட தட்டினீங்களே."

மேசைமேல், போன் வழியாகப் பணம் வந்ததும் சத்தம்போட்டு அறிவிக்கும் சின்னப் பெட்டி இருந்தது. வாராவாரம் என் பணத்துக்காக அது கத்தியிருக்கிறது. மேனேஜர் என் பக்கம் குனிந்து, ஏதோ பங்காளியிடம் பேசுவதுபோல் குரலைத் தாழ்த்தினார். வாயிலிருந்து பாக்கும் பழைய சோறும் கலந்த வாடை வந்தது.

"அன்னிக்கு நான் வாயத் தொறக்கல பாத்தீங்களா சார்? நமக்குள்ள இன்னா. டீ சொல்லட்டா?"

குரலைத் தாழ்த்தியது எனக்கு மட்டும் கேட்கட்டும் என்றுதான். ஆனால் அவள் பக்கத்தில்தான் நின்றாள். கேன் மூடியைத் திருகிக்கொண்டிருந்த கை நின்றது. என் முகத்தைப் பார்த்தாள். சட்டைப் பையைப் பார்த்தாள். அன்று மேனேஜர் பார்த்த அதே இடம். ஏதாவது கேட்பாள், திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் மூடியை இறுக்கி முடித்தாள்.

நான் குனிந்து ஒரு கேனின் பிடியைப் பற்றினேன். ஆட்டோவரைக்குமாவது தூக்கி வைக்கலாம் என்று நினைத்தேன். அவள் என் விரல்களைப் பிடியிலிருந்து எடுத்துவிட்டாள்.

"உடு சார். கை நாறும்."

இரண்டு கேன்களையும் அவளே தூக்கிக்கொண்டு போய் ஆட்டோவில் வைத்து ஏறிக்கொண்டாள்.